வடக்கே போகும் பனிப்பாளங்கள்

ஹட்சன் ஆறு நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியிலுள்ள அடிரான்டாக் மலைகளில் பிறக்கிறது. 500 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தெற்கு நோக்கி வந்து, மன்ஹாட்டன் தீவின் முனையில் கடலோடு கலக்கிறது. வரைபடத்தைப் பார்த்தால் இதில் ஐயமே எழாது. ஆனால் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ, கடுங்குளிர் சில நாள் நீடித்த பிறகு, மன்ஹாட்டனின் மேற்குக் கரையிலுள்ள ரிவர்சைடு பூங்காவுக்கு ஒரு பிற்பகலில் போய்ப் பாருங்கள். பெரிதும் சிறிதுமாக நூற்றுக்கணக்கான பனிப்பாளங்கள் ஆற்றில் மிதந்துகொண்டிருக்கும். சரியான நேரத்தில் போயிருந்தால், அவை கடலை நோக்கிப் போகாமல், ஆறு பிறந்த மலையை நோக்கி, வடக்கே போய்க்கொண்டிருக்கும். காற்றே இல்லாத நாளிலும் அப்படித்தான்.

கோடையில் இந்தப் பூங்காவில் கூட்டம் அலைமோதும். ஆனால் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்வது கடினம். கலங்கிய நீரில் கண்ணுக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. பனிப்பாளங்கள் வந்துவிட்டால் நீரின் ஒவ்வொரு அசைவும் வெளியே தெரிந்துவிடுகிறது. கரையோரம் நீர் மெதுவாகவும் நடு ஆற்றில் வேகமாகவும் ஓடுவது, ஓட்டம் தயங்கி நிற்கும் சில நிமிடங்கள், பிறகு எல்லாம் திசை மாறுவது என அத்தனையும் பார்க்கலாம். ஹட்சனைப் புரிந்துகொள்ள ஆண்டின் மிகச் சிறந்த காலம் குளிர்காலம்தான் என்பேன்.

ஆறு ஏன் பின்னோக்கி ஓடுகிறது? மன்ஹாட்டனை ஒட்டி ஓடும் ஹட்சன், உண்மையில் ஒரு நீண்ட கழிமுகம். ஓதம் எனப்படும் கடலின் ஏற்றமும் வற்றமும் நகரத்தோடு நின்றுவிடுவதில்லை. டிராய் என்ற ஊரில் ஆற்றின் குறுக்கே இருக்கும் அணை வரை, அதாவது மன்ஹாட்டன் முனையிலிருந்து 246 கிலோமீட்டர் உள்நாட்டுக்குள், ஓதம் ஏறி இறங்குகிறது. அவ்வளவு தூரத்துக்கும் ஆற்றின் தரைமட்டம் கடல்மட்டத்துக்குக் கீழேயே இருக்கிறது. தடுப்பதற்கு மேடு ஏதும் இல்லை. மன்ஹாட்டன் முனையில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் உள்ள வேறுபாடு சராசரியாக 1.4 மீட்டர். ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை இந்த ஏற்ற இறக்கம் நடக்கிறது. மேலிருந்து வரும் நன்னீரின் அளவைவிட, ஓதம் முன்னும் பின்னும் தள்ளும் நீரின் அளவு பல மடங்கு அதிகம். அதனால் ஏற்றம் வரும்போது ஆறு தோற்றுப்போய் வடக்கே திரும்புகிறது. வற்றத்தில் மீண்டும் தெற்கே ஓடுகிறது.

இதில் கரையில் நின்று கவனிப்பவரைக் குழப்பும் ஒரு விஷயம் இருக்கிறது. நீர்மட்டம் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிய பிறகும், பாளங்கள் வடக்கே போவது நிற்பதில்லை. மட்டம் இறங்கினால் நீர் கடலுக்குத் திரும்ப வேண்டும் அல்லவா? குளியல் தொட்டியில் அப்படித்தான் நடக்கும். ஹட்சனில் ஓதம் ஓர் அலையாகப் பயணம் செய்கிறது. கயிற்றின் ஒரு முனையை உதறினால் அந்த உதறல் கயிறு நெடுக ஓடுவதுபோல, கடலில் எழுந்த ஏற்றம் ஆற்றின் வழியே வடக்கே ஓடுகிறது. மன்ஹாட்டன் முனையைக் கடந்த உயர் ஓதம் டிராய்க்குப் போய்ச்சேர எட்டு, ஒன்பது மணி நேரம் பிடிக்கும். அங்கே உச்சம் வரும்போது இங்கே நீர் இறங்கி முடிந்து மீண்டும் ஏறத் தொடங்கியிருக்கும். அலையின் முகடு கடக்கும் இடத்தில் நீர் அலை போகும் திசையிலேயே நகரும் என்பது பொது விதி. ஆகவே மட்டம் உச்சத்தில் இருக்கும் நேரத்தை ஒட்டித்தான் வடக்கு நோக்கிய ஓட்டம் வலுவாக இருக்கிறது. கரைச்சுவரில் ஈரக் கோடு தெரிய ஆரம்பித்த பிறகும் பனிப்பாளம் மலைப்பக்கம் போகிறது என்றால், நம் கண்ணெதிரே போவது 246 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவிய ஓர் அலையின் முகடு.

ஆனாலும் பாளங்கள் இறுதியில் கடலுக்குத்தான் போகும். உப்புநீர் கனமானது; அது அடியில் புகுந்து வடக்கே நகர்கிறது. இலேசான நன்னீர் மேலே மிதந்து தெற்கே நகர்கிறது. மேற்பரப்பைப் பொறுத்தவரை வற்றத்தின் ஓட்டம் ஏற்றத்தின் ஓட்டத்தைவிடச் சற்று வலுவானது. எனவே ஒரு பாளம் பல கிலோமீட்டர் தெற்கே போய், அதில் பெரும்பகுதி தூரம் வடக்கே திரும்பி, மறுபடி தெற்கே போய், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலை நெருங்குகிறது. கடலின் உப்பு எதுவரை ஏறும் என்பதும் நிலையானது அல்ல. இளவேனிலில் பனி உருகி வெள்ளம் வரும்போது உப்பு மன்ஹாட்டன் பக்கம் தள்ளப்படுகிறது. வறட்சி ஆண்டில் அது 120 கிலோமீட்டர் வடக்கே உள்ள பக்கீப்ஸி வரை எட்டிப் பார்க்கும். அந்த ஊர் குடிநீரை இந்த ஆற்றிலிருந்தே எடுக்கிறது என்பதால், உப்பு எங்கே நிற்கிறது என்பது அங்கே வீட்டுக் கவலை.

ஆறு ஓடும் இந்தப் பள்ளத்தை இவ்வளவு ஆழமாக வெட்டியவை பனியாறுகள். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் மன்ஹாட்டன் முழுவதும் பனிவிரிப்பின் அடியில் கிடந்தது. அப்போது கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி பின்வாங்கி, கடல் உயர்ந்து, பள்ளத்துக்குள் புகுந்தது. பூங்காவின் பெஞ்சில் உட்கார்ந்தபடியே இதைவிடப் பழைய வரலாற்றையும் பார்க்கலாம். காலடியில் அங்கங்கே துருத்திக்கொண்டிருக்கும் மினுமினுப்பான கரும்பாறை, மன்ஹாட்டன் சிஸ்ட். அதன் வயது ஏறத்தாழ 45 கோடி ஆண்டு. எதிர்க்கரையில் வடக்கே நியூஜெர்சி பக்கம் செங்குத்தாக எழும் பாலிசேட்ஸ் பாறைச்சுவர், சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவும் வட அமெரிக்காவும் பிரியத் தொடங்கிய காலத்தில் நிலத்துக்கடியில் பாய்ந்து உறைந்த பாறைக்குழம்பு. கோடையில் இலைகள் மறைக்கும் இந்தச் சுவர் குளிர்காலத்தில் மொட்டை மரங்களுக்கு இடையே தெளிவாகத் தெரியும்.

பாளங்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் மேலே, நீர் நன்னீராக இருக்கும் பகுதியிலிருந்து. நன்னீர் 4 டிகிரி செல்சியஸில் அதிக அடர்த்தி பெறுகிறது. அதற்கும் கீழே குளிர்ந்தால் இலேசாகி மேலேயே தங்கிவிடும். அந்த மெல்லிய மேலடுக்கு விரைவில் உறைந்துவிடும். உப்பு கூடக்கூட இந்த வசதி மறைகிறது. லிட்டருக்கு 25 கிராம் அளவுக்கு உப்பு இருந்தால், உறையும் வரை குளிர்ந்த நீர் அமிழ்ந்துகொண்டே இருக்கும்; உறைநிலையும் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். மன்ஹாட்டன் அருகே நீர் உவர்ப்பானது. ஓதம் அதை ஓயாமல் கலக்கிக்கொண்டும் இருக்கிறது. அதனால் இங்கே ஆறு சுலபத்தில் உறைவதில்லை. வடக்கே உறைந்த பனியைக் கடலோரக் காவல் படையின் பனியுடைப்புக் கப்பல்கள் கப்பல் போக்குவரத்துக்காக உடைத்துவிடுகின்றன. உடைந்தது இங்கே வந்து சேருகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஹட்சன் பள்ளத்தாக்கில் பனிக்கட்டியை அறுவடை செய்வது பெருந்தொழில். நியூயார்க் நகரம் கோடையில் குடித்த குளிர்நீரில் பெரும்பகுதி அந்தக் கட்டிகளின் தயவு. அண்டை மாநிலமான மாசசூசெட்ஸின் குளங்களில் வெட்டிய கட்டிகளோ மரத்தூளில் பொதிந்து மதராஸ் வரை கப்பலில் வந்தன. பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர் 1842-இல் அதற்காகக் கட்டியதுதான் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் சென்னை ஐஸ் ஹவுஸ்.

குளிர்காலப் பிற்பகலில் இந்தப் பூங்காவுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அது மேற்கு நோக்கிய சரிவு. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் நியூயார்க்கில் உச்சிச் சூரியன் அடிவானத்திலிருந்து 26 டிகிரி உயரத்தைத் தாண்டாது. (அதே நாளில் சென்னையில் 53 டிகிரிக்கு மேல் ஏறும்.) மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். அவ்வளவு சாய்வாக விழும் ஒளி தரையில் பரந்து விழுவதால், தலைக்கு நேர் மேலிருந்து விழும் ஒளியின் வெப்பத்தில் பாதிகூடத் தரைக்குக் கிடைப்பதில்லை. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு ஆண்டிலேயே மிக அருகில் இருக்கிறது. ஜூலையில் இருப்பதைவிடச் சுமார் 50 லட்சம் கிலோமீட்டர் அருகே. அந்த நெருக்கத்தால் குளிர் குறையவில்லை, சாய்வுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆனால் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து சூரியனைப் பார்ப்பவரின் கணக்கு வேறு. சாய்வான ஒளி நம் முகத்திலும் மார்பிலும் ஏறக்குறைய நேராக விழுகிறது. தரை பெறாத வெப்பத்தை நாம் பெறுகிறோம். காலடிப் பனி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்ப, அதிலும் கொஞ்சம் நமக்கு வருகிறது. காற்று பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும்போதும் கோட்டின் மேல்பொத்தானைக் கழற்றத் தோன்றுவது இதனால்தான்.

ஆற்றின் மேல் விழும் ஒளிப்பாதையும் சாய்வின் வேலை. அமைதியான நீர், நேர் மேலிருந்து வரும் ஒளியில் 2 சதவீதத்தைத்தான் பிரதிபலிக்கும். சூரியன் 26 டிகிரியில் இருக்கும்போது அது 8 சதவீதம் ஆகிறது; 10 டிகிரிக்கு இறங்கும்போது 35 சதவீதம். பிற்பகல் மூன்றரை மணிக்கு மேல் ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் ஆறு பளபளப்பு கூடிக்கொண்டே போகும். இந்த நகரத்தில் மிக விலையுயர்ந்த மாடங்களிலிருந்து பார்ப்பவருக்குக் கிடைக்கும் அதே காட்சி பூங்கா பெஞ்சில் இருப்பவருக்கும் கிடைக்கிறது. அதற்காக 1870-களில் இந்தச் சரிவைப் பூங்காவாகத் திட்டமிட்ட ஃபிரெடரிக் லா ஆம்ஸ்டெட்டுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பூங்காவின் அமைதியும் இயல்பாக வந்தது அல்ல. நெடுங்காலம் ஆற்றுக்கும் பூங்காவுக்கும் நடுவே சரக்கு ரயில்கள் ஓடின. கால்நடை ஏற்றிய பெட்டிகளின் நாற்றம் மேட்டு வீடுகள் வரை எட்டியது. 1934-க்கும் 1937-க்கும் இடையே நகரப் பூங்கா ஆணையர் ராபர்ட் மோசஸ் தண்டவாளத்தை மூடி அதன் மேல் பூங்காவை விரித்தார். ஆற்றில் மண் கொட்டி நிலத்தையும் நீட்டினார். கூடவே ஒரு நெடுஞ்சாலையையும் போட்டார். இன்றும் புல்வெளிக்கு அடியில் சுரங்கத்தில் பயணிகள் ரயில் ஓடுகிறது, ஓரத்தில் கார்கள் இரைகின்றன. புதுப்பனி விழுந்த பிற்பகலில் மட்டும் அந்த இரைச்சல் வெகுவாக அடங்கும். புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். துகள்களுக்கு இடையேயான நுண்ணிய இடுக்குகளில் ஒலி அலை புகுந்து, உராய்ந்து, வெப்பமாகி முடிந்துபோகிறது. சில நாளில் பனி இறுகிப் பளபளப்பானால் இரைச்சல் திரும்பிவிடும். அமைதியைத் தேடிப் போகிறவர்கள் பனி விழுந்த மறுநாளே போவது நல்லது.

பூங்காவின் ஓரத்தில் வரிசையாக நிற்பவை அமெரிக்க எல்ம் மரங்கள். 1930-களில் அமெரிக்காவுக்கு வந்த ஒரு பூஞ்சை நோய் இந்த இனத்தை நாடு முழுவதும் அழித்தது. பட்டை வண்டுகள் அதைப் பரப்பின. இவ்வளவு எல்ம் மரங்கள் தப்பி நிற்கும் இடங்கள் குறைவு. கிளைகளை வெட்டிச் சீர்செய்யும் வேலையைக் குளிர்காலத்தில் செய்வதன் காரணம், வெட்டுக்காயத்தின் மணத்துக்கு வண்டுகள் பறந்து வராத காலம் அது என்பதே. கரையோர நீரில் வாத்துகள் வெறுங்காலோடு மிதக்கின்றன. அவற்றின் காலில் கீழே இறங்கும் சூடான இரத்தமும் மேலே ஏறும் குளிர்ந்த இரத்தமும் அடுத்தடுத்த குழாய்களில் எதிரெதிராகப் போகின்றன. வெப்பம் பாதத்துக்குப் போகும் முன்பே திரும்பும் இரத்தத்துக்கு மாறிவிடுகிறது. ஆறு அதைத் திருட முடிவதில்லை.

பாளத்தின் மேல் பெரிய பறவை ஒன்று உட்கார்ந்து வந்தால் நன்றாகப் பாருங்கள், வெண்தலைக் கழுகாக இருக்கலாம். வடக்கே ஏரிகள் உறைந்துவிட்டால் அவை திறந்த நீரைத் தேடி ஹட்சனுக்கு வருகின்றன. டிடிடி பூச்சிக்கொல்லி முட்டை ஓட்டை மெலிதாக்கியதால், 1970-களில் நியூயார்க் மாநிலத்தில் இந்தக் கழுகு ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. 1972-இல் அமெரிக்கா டிடிடி-யைத் தடைசெய்தது. 1976 முதல் 1988 வரை மாநில அரசு 198 கழுகுக் குஞ்சுகளை, பெரும்பாலும் அலாஸ்காவிலிருந்து, கொண்டுவந்து வளர்த்துப் பறக்கவிட்டது. இன்றைய கழுகுகள் அந்த உழைப்பின் வழிவந்தவை.

இந்த ஆற்றின் குளிர்காலப் பிற்பகல்களில் உலகம் முழுதும் அறிந்தது 2009 ஜனவரி 15. கனடா வாத்துக் கூட்டம் மோதி இரண்டு இயந்திரங்களும் செயலிழந்த விமானம், மூன்றரை மணியளவில், பூங்காவுக்குத் தெற்கே ஆற்றில் இறங்கியது. நீரின் வெப்பநிலை சுமார் 5 டிகிரி. அருகிலிருந்த பயணிகள் படகுகள் சில நிமிடங்களில் வந்துசேர்ந்ததால் 155 பேரும் பிழைத்தனர். ஓட்டம் விமானத்தைத் தெற்கே இழுத்துச் சென்றது. மீட்புப் படகுகள் அதன் கூடவே நகர வேண்டியிருந்தது. அந்த வாத்துகள் யார் என்பதையும் அறிவியல் கண்டுபிடித்தது. இயந்திரத்தில் சிக்கிய இறகுத் துணுக்குகளில் ஹைட்ரஜன் ஐசோடோப்புகளின் விகிதத்தை ஸ்மித்சோனியன் ஆய்வாளர்கள் அளந்தார்கள். மழைநீரில் அந்த விகிதம் வடக்கே போகப்போக மாறும். இறகு முளைத்த இடத்தின் நீர் இறகில் பதிந்துவிடும். நகரத்திலேயே தங்கி வாழும் வாத்துகள் அல்ல அவை, வடக்கிலிருந்து வலசை வந்தவை என்பது அதில் தெரிந்தது.

ஆனால் குளிர்கால ஹட்சனின் முக்கியமான வேலை நீருக்கடியில் நடக்கிறது. டாம்காட் என்ற சிறு மீன், மற்ற மீன்கள் முடங்கிக் கிடக்கும் டிசம்பர், ஜனவரியில், மேலாற்றின் பனிக்கு அடியில் முட்டையிடுகிறது. கடுங்குளிரிலும் இரத்தம் உறையாமல் காக்கும் புரதம் அதன் உடலில் உண்டு. குளிரை வென்ற அந்த மீனுக்கு இன்னொரு சோதனை வந்தது. ஆற்றின் மேல்பகுதியிலிருந்த இரண்டு தொழிற்சாலைகள் சுமார் 30 ஆண்டுகள், 1977 வரை, பிசிபி எனும் நச்சு வேதிப்பொருளை ஆற்றில் கலந்தன. அந்த நச்சு உடலில் வேறொரு குறிப்பிட்ட புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் கேடு செய்கிறது. ஹட்சனின் டாம்காட் மீன்களில் அந்தப் புரதத்துக்கான மரபணுவில் ஆறு எழுத்துகள் விடுபட்டிருப்பதையும், அதனால் நச்சு அதில் சரியாக ஒட்டுவதில்லை என்பதையும் 2011-இல் ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். சில பத்தாண்டுகளில் நடந்துமுடிந்த பரிணாமம் இது. மீன் பிழைத்தது நல்ல செய்தி என்று மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நச்சைத் தாங்கும் மீன் அதைத் தன் உடலில் சேர்த்துவைத்துக்கொண்டு, தன்னைத் தின்னும் பெரிய மீனுக்குக் கொடுக்கிறது.

ஸ்ட்ரைப்டு பாஸ் மீனின் குஞ்சுகளுக்கு மன்ஹாட்டனின் மேற்குக் கரையே குளிர்கால விடுதி. பழைய படகுத்துறைகளின் தூண்களுக்கு இடையே, ஓட்டம் குறைந்த நீரில், அவை ஒதுங்கிக் கிடக்கும். 1970-களில் அந்தத் துறைகளை மண்போட்டு மூடி, 'வெஸ்ட்வே' என்ற நெடுஞ்சாலை போட அரசு திட்டமிட்டது. அந்த நீரில் உயிரில்லை என்றே முதலில் சொல்லப்பட்டது. குளிர்காலத்தில் வலைவீசிப் பார்த்தபோது ஏராளமான குஞ்சுகள் அகப்பட்டன. வழக்கு நீதிமன்றம் போனது; 1982-இல் நீதிபதி தாமஸ் கிரீசா மண்போடும் அனுமதியைத் தடுத்தார்; 1985-இல் திட்டமே கைவிடப்பட்டது. அந்தக் கரையில் இன்று ஹட்சன் ரிவர் பூங்கா இருக்கிறது. அதன் நீர்ப்பகுதியை 1998-ஆம் ஆண்டுச் சட்டம் கழிமுகச் சரணாலயமாக அறிவித்தது. எல்லாவற்றுக்கும் காரணம், யாரோ சிலர் குளிர்காலத்தில் போய்ப் பார்த்ததுதான்.

ஆறு முழுதும் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 1986 வரை மேற்கு மன்ஹாட்டனின் சாக்கடை, நாளுக்கு சுமார் 57 கோடி லிட்டர், சுத்திகரிக்கப்படாமலே இந்த ஆற்றில் விழுந்தது. அந்த ஆண்டு நார்த் ரிவர் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. 137-ஆவது தெருவிலிருந்து நீளும் அந்த நிலையத்தின் கூரைமேலேயே 1993-இல் இன்னொரு பூங்காவையும் திறந்தார்கள். ஆனால் நகரத்தின் பெரும்பகுதியில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெருமழையில் குழாய் நிரம்பினால் இரண்டும் சேர்ந்து ஆற்றுக்கு வருகின்றன. ஆறு வெதுவெதுப்பாகி வருவதும் கவலை தருகிறது. டாம்காட் இனம் முட்டையிடும் ஆறுகளில் மிகத் தெற்கே இருப்பது ஹட்சன். இனி வெப்பம் கூடினால் அந்த மீனுக்கு இங்கே இடமில்லை.

குளிர்காலத்தில் நியூயார்க் போகும் நம்மவர்கள் பலர் டைம்ஸ் சதுக்கத்தையும் சுதந்திர தேவி சிலையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஒரு பிற்பகலை ஹட்சன் கரைக்கு ஒதுக்குங்கள். புறப்படும் முன் இணையத்தில் மன்ஹாட்டன் முனையின் ஓத நேரத்தைப் பாருங்கள். உயர் ஓதம் பகல் இரண்டு மணியை ஒட்டி வரும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது. பாளங்கள் வடக்கே போவதையும், நின்று, திரும்புவதையும் வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடலாம். காதை மூடும் தொப்பியும் இருகண்நோக்கியும் கையில் இருக்கட்டும். 1-ஆம் எண் சுரங்க ரயிலில் 79-ஆவது தெரு நிலையத்தில் இறங்கி மேற்கே நடந்தால் ஆறு பத்து நிமிட தூரம்தான்.